நாலாவது டேப்பில் இருந்த பனியன்

மாதவன் சாரிடம் நான் சேர்ந்தது வீடியோ எடிட்டிங் கற்றுக்கொள்ள. காங்கேயம் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் அவர் வகுப்பு. வாரத்தில் நான்கு நாள், மாலை ஏழு முதல் எட்டரை வரை. பகலில் அவர் கல்யாணம், காதுகுத்து, புதுமனை வீடியோ எடுப்பார். 2008 ஜனவரியில் ஆறு பேர் சேர்ந்தோம். ஏப்ரலில் நான் மட்டும்தான் மிஞ்சினேன். நான் நன்றாகப் படித்ததால் அல்ல. நின்றுவிடுவதற்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கத் தெரியாததால் என்று நினைக்கிறேன்.

ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து வரும் பனியனை வெளிச்சத்தில் விரித்து, பழுது இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இதைச் சொன்னதும் சார், "அப்ப நீதான் டேப் பாக்கணும்" என்றார். அவர் சொந்தமாக ஒரு டாக்குமென்டரி எடுத்துக்கொண்டிருந்தார். எந்த டேப்பில், எந்த நிமிடத்தில், யார், என்ன பேசுகிறார்கள் என்று நோட்டில் எழுதுவது என் வேலை ஆயிற்று.

படம் ஆர்குட் என்ற இணையதளத்தில் இருந்த ஒரு குழுவைப் பற்றியது. குழுவின் பெயர் எல்லைக்கல். இரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து, வெளியிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி எழுதுவார்கள். தெற்கத்திக்காரர்கள், இந்திக்காரர்கள், ஜெபக்கூடம் வைத்திருப்பவர்கள். எந்த லைன் வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், எந்தப் பெண் எந்த பஸ் ஸ்டாப்பில் யாருடன் பேசினாள், எல்லாம் போட்டோவோடு இருக்கும். சார் அதை முந்நூற்று நாற்பது பக்கம் அச்செடுத்து வைத்திருந்தார். நான் வரிசையாகப் படித்துக் குறிப்பெடுத்தேன். என் அம்மா அப்பா உசிலம்பட்டிப் பக்கம். அதனால் நான் படித்தது என்னைப் பற்றித்தான். முதல் ஐம்பது பக்கம் கோபம் வந்தது. அதற்குப் பிறகு தூக்கம் வந்தது. கோபம் தீர்ந்துபோவது சரியா என்று நோட்டின் ஓரத்தில் எழுதி, வேலைக்குச் சம்பந்தமில்லை என்று அடித்துவிட்டேன்.

பக்கம் 212-இல் ஆரோக்கியராஜ் அண்ணன் போட்டோ இருந்தது. எட்டு வீடு ஒரே வரிசையில் இருக்கும் எங்கள் லைன் வீட்டில் அடுத்த கதவு. அயர்ன் மாஸ்டராக இருந்தவர். பெண்களை மதம் மாற்றக் கூட்டிப் போகிறான் என்று எழுதியிருந்தார்கள். அண்ணன் கூட்டிப் போனது காய்ச்சலாகக் கிடந்த தன் அக்காள் மகளை, ஆஸ்பத்திரிக்கு. அந்தப் போட்டோ வந்த நான்காம் நாள் பஸ் ஸ்டாப்பில் வைத்து அடித்தார்கள். இடது மணிக்கட்டு முழுதாகக் கூடவில்லை. இப்போது தைத்த பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறார்.

அந்த 212-ஆம் பக்கத்தை எழுதியவன் ஜூன் மாதம் பேசுவதற்கு ஒப்புக்கொண்டான். அவன் என்று எழுதிவிட்டேன். நேரில் பார்த்தபோது அவர் என்றுதான் வந்தது. பெயர் சுரேந்தர், இருபத்தாறு வயது, மூலனூர்ப் பக்கம் சொந்தத் தோட்டம் உள்ள விவசாயக் குடும்பம், வேறொரு கம்பெனியில் வெளிநாட்டு பையர்களின் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். முகத்தை மறைக்க வேண்டும், குரலை மாற்ற வேண்டும் என்பது அவர் நிபந்தனை. சார் கையில் அடித்து வாக்குக் கொடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமளாபுரத்தில் விசைத்தறி ஓடாத ஒரு ஷெட்டில் எடுத்தோம். சுரேந்தர் அவர் கம்பெனி பெயர் நெஞ்சில் தைத்த சட்டையோடு வந்துவிட்டார்.

"ஞாபகமே இல்லீங்க. தினமும் போட்டுப் போட்டு இது தோல் மாதிரி ஆயிருச்சுங்க" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். என் பையில் ஆரோக்கியராஜ் அண்ணனுக்குக் கொடுக்க வைத்திருந்த, காலர் வைத்த ஒரு பனியன் இருந்தது; டி-ஷர்ட்டுக்கும் இங்கே பனியன் என்றுதான் பெயர். கருநீலம், அதில் கடுகு நிறத்தில் இரண்டிரண்டு கோடு, நடுவில் மயிரிழை போல ஒரு வெள்ளை. நான் சரிபார்த்துத்தான் கொடுத்தேன். பெயர் இல்லை, படம் இல்லை, லேபிள் வெட்டப்பட்டிருக்கிறது. யாரும் போட்டுக்கொள்ளக்கூடிய பனியன். நோட்டில், "டேப் 4, உடை: அடையாளம் இல்லாதது" என்று எழுதினேன். அந்த வரி இன்னும் இருக்கிறது.

அவர் ஒரு மணி நேரம் பேசினார். எப்படி ஆரம்பித்தது என்று சார் கேட்டதற்கு, "சும்மா தானுங்க. ஆபீஸ்ல பையர் மெயிலுக்குக் காத்திருக்கற நேரத்துல" என்றார். அந்த அயர்ன் மாஸ்டரைப் பற்றிக் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டு, "அடிப்பாங்கன்னு நினைக்கலீங்க. படிப்பாங்கன்னுதான் நினைச்சனுங்க" என்றார். ஒரு வருஷமாக அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டதாகச் சொன்னார். நோட்டில் அது முப்பத்தெட்டாவது நிமிடம்.

ஆகஸ்டில் சார் மூன்று நிமிட முன்னோட்டம் ஒன்றை இணையத்தில் ஏற்றினார். கரண்ட் போய்ப் போய் வந்ததில் அதற்கே இரண்டு நாள் மாலை ஆயிற்று. சுரேந்தர் அதில் பதினொரு வினாடி வருவார். முகம் புகைபோல, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. நான் நான்கு முறை பார்த்துச் சரி என்றேன்.

ஆறாம் நாள், வியாழக்கிழமை, எல்லைக்கல் குழுவில் அந்தப் பதினொரு வினாடியிலிருந்து ஒரு படம் வந்திருந்தது. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "மூஞ்சிய மறைச்சாங்க, பனியனை மறைக்கல. இந்த நூலுக்குச் சாயம் போட்டது எங்க பட்டறை. ஜெர்மனி ஆர்டர். துவைச்சா வெள்ளைக் கோடு ரோஸ் ஆகுதுன்னு கேன்சல் ஆச்சு. பீஸ் எல்லாம் அந்தக் கம்பெனி ஆளுகளுக்கே குடுத்துட்டாங்க. வெளிய ஒண்ணுகூடப் போகல."

எங்கள் கம்பெனியின் பெயரையும் எழுதியிருந்தார். எல்லாம் சரியான தகவல். அந்த ஆர்டர் என் மேஜை வழியாகத்தான் போனது. வேறு ஊரில் அது வெறும் கோடு போட்ட பனியன். இந்த ஊரில் கோட்டைப் பார்த்தே எந்த மெஷின், எந்த மாதம், எந்த பையர் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நானே சொல்லுவேன். சொல்லத் தெரிந்த நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்கு அடுத்தவர் எழுதியிருந்தார்: "குரலை மாத்தினாலும் பேச்சு நம்ம பேச்சு. அந்தக் கம்பெனியில நம்மாளுக ஆறு பேர்தான்." அதற்கு அடுத்து ஒரு பெயரும் போட்டோவும். எங்கள் கட்டிங் மாஸ்டர் செங்கோட்டையன், ஒரு கோயில் விசேஷத்தில், அதே பனியனோடு, கையில் பொங்கல் தட்டு. "துரோகி இவன்தான். சனிக்கிழமை டீ டைமுக்குப் போறோம்" என்று முடிந்திருந்தது.

சார் முன்னோட்டத்தை உடனே இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். எடுத்த பிறகு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"சுரேந்தர்ட்ட பேசுங்க சார். பேசுனது மாஸ்டர் இல்லன்னு அவரு சொன்னாத்தான் ஆகும்."

"வாக்கு குடுத்திருக்கேன் அனுசுயா. அவனா சொன்னாத்தான் உண்டு. நான் எப்படிக் கேக்குறது?"

"நான் கேக்குறேன்."

சாரின் செல்போனில் பேசினேன். சுரேந்தர் ஏற்கெனவே எல்லாம் படித்திருந்தார்.

"நானு என்ன பண்ணட்டுங்க. ஒரு வரி எழுதுனாலும் அது நான்தான்னு ஆயிருமுங்க."

"அதுதான நெசம்."

"எங்கய்யன் அந்தக் கூட்டத்துல பாதிப் பேர்த்துக்குச் சொந்தமுங்க. தங்கச்சிக்கு மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வர்றாங்க அடுத்த வாரம்."

"மாஸ்டருக்கும் பொண்ணு இருக்கு. ரெண்டு."

நான் எழுதி வைத்திருந்த அடுத்த கேள்வியைப் பார்த்தேன்.

"நீங்க வெளிய வந்து ஒரு வருசம் ஆச்சுன்னு டேப்புல சொன்னீங்க. அந்தக் குழுவை நடத்துற மூணு பேர்ல உங்க பேரு இன்னும் இருக்கு. இப்பத்தான் பாத்தேன்."

"எடுத்தா ஏன்னு கேப்பாங்கன்னு விட்டுட்டனுங்க."

"அப்ப அந்தப் போட்டோவ உங்களால அழிக்க முடியும்."

"முடியுமுங்க. மூணு பேர்த்தால முடியும். மத்த ரெண்டும் அண்ணன் தம்பிங்க, ஒரே ஊட்டுல ஒரே கம்ப்யூட்டருங்க. நானு அழிச்சா என்ற கையெழுத்தப் போட்டு அழிச்ச மாதிரிங்க." பிறகு, "நீங்க கோவமா இருக்கறீங்களா?" என்றார்.

இல்லை என்றேன். சோர்வாக இருந்தது. சார் அலமாரியில் அவர் முகம் மறைக்காத நாலாவது டேப் இருந்தது. சாவி என்னிடமும் ஒன்று உண்டு. அந்த டேப்பை வெளியே விட்டால் மாஸ்டருக்கு ஒன்றும் ஆகாது. வீட்டுக்கு நடந்து போகும்போது அதையே நினைத்துக்கொண்டு போனேன். விட மாட்டேன் என்று தெரிந்தது. நல்ல எண்ணத்தாலா பயத்தாலா என்று தெரியவில்லை. ஒருவரைப் போட்டோவோடு காட்டிக்கொடுப்பதற்கு ஒரு குழு ஏற்கெனவே இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டிங் மேஜைக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். ஐம்பதை நெருங்கும் மனிதர். கத்தரியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஆர்குட்டா? அது என்ன கண்ணு, புது பையரா?"

"இல்ல மாஸ்டர். கம்ப்யூட்டர்ல ஒரு எடம். அதுல உங்க போட்டோவப் போட்டு, நீங்க அவங்களுக்கு எதிரா பேசிட்டீங்கன்னு எழுதியிருக்காங்க."

"நானு எங்க பேசுனேன்? ஊட்லயே நானு பேசறதில்ல. வேணும்னா என்ற சம்சாரத்தக் கேட்டுப் பாரு."

"நாளைக்கு மட்டும் லீவு போடுங்க மாஸ்டர். இல்ல, அந்தப் பனியனையாவது போடாதீங்க."

"கண்ணு, தப்புப் பண்ணாதவன் எதுக்கு லீவு போடோணும்? போட்டா நான்தான்னு ஆயிராதா?"

சுரேந்தரும் இதே காரணத்தைத்தான் சொன்னார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

சனிக்கிழமை மாஸ்டர் அந்தப் பனியனையே போட்டு வந்தார். டீ டைம் பதினொரு மணிக்கு. கம்பெனி எதிரில் பேக்கரி. இரண்டு பேர் ஒரு பைக்கில் வந்து நின்றார்கள். ஒருவர் கையில் அச்செடுத்த படம். அவர் விரல் நகங்களின் ஓரம் நீலமாக இருந்தது. சாயப்பட்டறை ஆள் என்று தெரிந்தது. மற்றவர் இளையவர், கூலிங் கிளாஸ்.

"மாஸ்டர், அப்படிக் கொஞ்சம் வாங்க. ஒரு வார்த்தை பேசோணும்" என்றார் நகம் நீலமானவர். மரியாதையாகத்தான் கூப்பிட்டார். அதுதான் பயமாக இருந்தது.

மாஸ்டர் டம்ளரோடு எழுந்தார். நான் எப்படி நடுவில் போனேன் என்று கோர்வையாக எழுத வரவில்லை. "அந்தப் படத்தைக் காட்டுங்க" என்று கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் குரல் செக்கிங் மேஜையில் பீஸ் கேட்கும் குரலாகவே வந்ததால்தான் அவர் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

"இது மாஸ்டர் பனியன் இல்ல" என்றேன்.

"ஏம்மா, எங்களுக்கே பாடம் எடுக்கறயா? அதே கோடு, அதே கலர். நூலுக்குச் சாயம் போட்டதே நானு."

"கோடு ஒண்ணுதான். எல்லாமே பழுது பீஸ். ஆனா பழுது ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. இதுல பாருங்க, காலர்லருந்து கீழ வரைக்கும் ஒரு கம்பி மாதிரி ஓடுதுல்ல, ஊசி ஒடஞ்சு விழுந்த கோடு. மாஸ்டர், திரும்புங்க."

மாஸ்டர் டம்ளரோடு திரும்பினார்.

"இவருக்கு நெஞ்சுல ஊசிக் கோடே இல்ல. இங்க தோள்ல எண்ணெய்க் கறை. அந்த ஆர்டர் பூரா நான்தான் செக் பண்ணுனேன்."

நகம் நீலமானவர் படத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். மாஸ்டரின் பனியனைக் கீழ்ப்பக்கம் இழுத்து, விரலால் தடவிப் பார்த்தார். அடிக்க வந்தவர் அரை நிமிடம் ஒரு துணியைத் துணியாகப் பார்த்தார். அவரும் இதே தொழிலில் சோறு தின்பவர்தானே.

"நீடில் லைன்தான்டா" என்றார் இளையவரிடம்.

என் பக்கத்தில் வந்து நின்ற, என்னோடு செக்கிங்கில் இருக்கும் பாண்டியம்மாள் அக்கா, "அம்புட்டுத் தூரம் பெட்ரோலைப் போட்டு வந்து பனியனைத் தடவிட்டுப் போகவா வந்தீக?" என்றாள். யாரோ சிரித்தார்கள். இளையவருக்கு அது பிடிக்கவில்லை.

"அப்ப இது யாரோடது?" என்று என்னைக் கேட்டார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் மீதி ஐந்து பேரின் தோளையும் நெஞ்சையும் தடவிப் பார்ப்பார்கள். அதில் ஒருவர் பனியனிலாவது ஊசிக் கோடு இருக்கும். அந்த ஆர்டரில் பத்துக்கு ஒன்றில் இருந்தது.

"என்னோடது" என்றேன். "நான்தான் குடுத்தேன். பேசுனவரு இந்தக் கம்பெனியே இல்ல."

"யாருக்குக் குடுத்த?"

"சொல்ல முடியாது."

"எந்த ஊரு உனக்கு?"

"உசிலம்பட்டிப் பக்கம்."

"அதான பாத்தேன்" என்று செல்போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தார். பாண்டியம்மாள் அக்கா, "ஏப்பா, பொம்பளப் பிள்ளைய என்னத்துக்குப் படம் பிடிக்கிற, உங்க வீட்டுல பொம்பளையே இல்லையா?" என்று முன்னால் போனாள். அதற்குள் கம்பெனி பெல் அடித்தது. எல்லோரும் உள்ளே போக வேண்டியிருந்தது. அவர்களும் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். மாஸ்டர் படியேறும்போது, "எண்ணெய்க் கறை இருக்கறதே எனக்குத் தெரியாதே கண்ணு" என்றார்.

மாலை ஆறே முக்காலுக்கே வகுப்புக்குப் போனேன். சார் பக்கத்தைத் திறந்துவைத்திருந்தார். மாஸ்டரின் போட்டோ அப்படியே இருந்தது. அதற்கு மேலே புதிதாக நான். டீ டம்ளர் கையில், வாய் பாதி திறந்து. கம்பெனி பெயர், எங்கள் லைன் வீடு இருக்கும் சந்து, ஊர். கீழே பதினேழு பேர் எழுதியிருந்தார்கள். முந்நூற்று நாற்பது பக்கம் படித்திருந்ததால் புதிதாக ஒன்றும் இல்லை. எந்த வரிக்கு அடுத்து எந்த வரி வரும் என்றுகூடத் தெரிந்தது. ஆனால் எழுதிக்கொள்ள முடியவில்லை.

சார் கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "முதுகுப் பக்கமா மட்டும் எடுக்கலாமா? நீ இதைப் படிக்கிற மாதிரி" என்று மெதுவாகக் கேட்டார்.

"எந்தத் துணியப் போட்டுட்டு உக்காரட்டும் சார்?"

அவர் கேமராவை எடுக்கவில்லை. சாரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவருக்கும் அந்தப் படத்தை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

அவருடைய போனை வாங்கி சுரேந்தருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இரண்டாவது முறை அடித்தபோது அணைத்துவிட்டார். நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்ப எழுந்தேன். போவதற்கு முன் எத்தனை பதில் ஆகியிருக்கிறது என்று குறித்துக்கொள்வதற்காகப் பக்கத்தை மறுபடி திறக்கச் சொன்னேன். பழக்கம்தான். திறக்க நேரமாயிற்று. திறந்தபோது நான் இல்லை. மாஸ்டரும் இல்லை. சார் முன்னும் பின்னும் போய்ப் பார்த்தார். 212-ஆம் பக்கத்தில் அச்சாகியிருந்த பழைய போட்டோகூட இல்லை.

பத்து நிமிடத்தில் ஒரு வரி வந்தது. "அழிச்சது நாங்க ரெண்டு பேரும் இல்ல." கீழே அந்த அண்ணன் தம்பியின் பெயர்கள். குழுவை நடத்துபவர்கள் பட்டியலில் மூன்று பெயர் இரண்டாகியிருந்தது.

சாரின் போன் அடித்தது. சுரேந்தர்தான். பின்னால் பஸ் சத்தம்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"தாராபுரத்துல பிரவுசிங் சென்டர்ல அழிச்சுட்டு பஸ் ஏறிட்டனுங்க. பெங்களூர்ல பிரண்ட்டு ஒருத்தன் இருக்கறான், ஆனா நேர் வழியெல்லாம் சொந்தக்காரங்க, பழனி போயி சுத்தித்தான் போகோணும்." பிறகு, "அய்யன் போன் மேல போன் அடிக்கறாருங்க. எடுக்கல" என்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது தெரிந்தது. நன்றி என்று சொல்ல வரவில்லை. அவர் எழுதியதை அவர் அழித்திருக்கிறார். ஆனால் அதற்காக அவர் வீட்டை விட்டுப் போகிறார் என்பதும் உண்மை. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். இல்லை என்றார். வைத்துவிட்டார்.

நாலாவது டேப்பில் இனி முகத்தை மறைக்க வேண்டியதில்லையே என்று சார் கேட்டார். சுரேந்தரைக் கேட்காமல் வேண்டாம் என்றேன்.

எட்டு மணிக்கு லைன் வீட்டுக்குப் போனேன். சந்தின் பெயர் ஒரு மணி நேரமாவது அங்கே இருந்திருக்கிறது. யார் யார் எழுதி வைத்துக்கொண்டார்களோ தெரியாது. அதனால் எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் ஆரோக்கியராஜ் அண்ணன் கதவைத் தட்டினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பனியன், மாஸ்டர், பேக்கரி எல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவருடைய போட்டோவும் அழிந்துவிட்டது என்றேன்.

"அழிச்சவன்தான் எழுதுனவனா?"

"ஆமாண்ணே."

"பேரு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

அவர் கேட்பார் என்று நின்றேன். கேட்டால் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். அவர் தட்டில் மிச்சமிருந்த சோற்றைக் கூட்டிச் சாப்பிட்டார்.

"அந்தக் கூட்டத்தை விட்டு வெளிய வந்துட்டானா?"

"இன்னைக்குத்தான்" என்றேன்.

அவர் கை கழுவிவிட்டு வந்து, மற்ற கதவுகளையும் தட்டினார். எட்டு வீட்டு ஆட்களும் குழாயடியில் கூடினார்கள். எதற்கு இந்த வேலை உனக்கு என்று இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள். கடைசியில், ஒரு மாதத்துக்கு யாரும் தனியாகப் போக வேண்டாம், காலையில் எட்டு மணிக்கே எல்லோரும் சேர்ந்து, பஸ் ஸ்டாப்பைத் தவிர்த்து, பக்கத்து மில்லின் பின்பக்கத்து வழியாகப் போகலாம் என்று முடிவாயிற்று. அது அரை மணி நேரம் சுற்று. திங்கட்கிழமையிலிருந்து முன்னதாக எழ வேண்டும்.